வெளியே வந்த பிறகு உள்ளே போன வண்டி

"சேறு பொய் சொல்லாது, சிஸ்டர் மாட்சன்" என்றார் ஷெரிஃப் டெல்மார்.

காலையிலிருந்து இதை எத்தனை தடவை சொன்னார் என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். பிர்ச் கணவாயின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். வாசல் என்றால் கதவெல்லாம் கிடையாது. இரண்டு இரும்புத் தூண்கள், நடுவில் ஐம்பது அங்குல இடைவெளி, பக்கத்தில் ஒரு பலகை. அதற்கு மேல் அகலமான வண்டி உள்ளே வரக் கூடாது என்று பலகை சொல்லும். படிக்கத் தெரியாத வண்டிக்குத் தூண் சொல்லும்.

என் பாஸ் ஆர்விலா மாட்சன் சோடாக் குவளையின் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில், யூட்டாவின் இந்த மூலையில் சர்ச் வழக்கப்படி எல்லோரும் பிரதர், சிஸ்டர்தான், கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். பாஸ் அந்தக் கணக்கை ஸ்ட்ராவில் தீர்த்துக்கொள்வார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர், இப்போது ஓர்டன் ஊரின் ஒரே துப்பறிவாளர். நான் கிம்பல், அவருடைய உதவியாளன். நல்ல உயரம். எடை மட்டும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. காற்றடிக்கிற நாளில் என்னை வெளியே அனுப்ப என் அம்மா இன்னமும் யோசிப்பார்.

ஷெரிஃப்பின் வண்டியில், பின் சீட்டில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரொசெண்டோ உட்கார்ந்திருந்தார். பெரு நாட்டிலிருந்து ஆடு மேய்க்க வந்தவர். கோடை முழுக்க மலைக்கு மேலே அவரும் நாயும் ஆடுகளும்தான்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே சர்ச்சில் இருந்த நேரத்தில், கணவாய்க்குள் இருக்கும் மேல் மதகை யாரோ இறுக அடைத்துவிட்டு, அதன் திருகுச் சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிழக்கு வாய்க்கால் வறண்டது. அதன் தண்ணீரெல்லாம் மேற்கு வாய்க்காலில் ஓடுகிறது. ஸ்பானர் போட்டுத் திருகிப் பார்த்தார்கள், ஸ்பானர்தான் வளைந்தது. இந்த வெயிலில் இன்னும் சில நாள் போனால் கிழக்குப் பக்கத்துக் குதிரைமசால் தீவன வயல்கள் எல்லாம் கருகிவிடும்.

"சனிக்கிழமை ராத்திரி மழை. ஞாயிறு காலையில பதிஞ்ச தடம் இது" என்று ஷெரிஃப் சேற்றை விரலால் காட்டினார். "இந்த டயரோட பட்டன் அம்பு மாதிரி இருக்கும். அம்பு மூக்கு எந்தப் பக்கமோ, வண்டி போனது அந்தப் பக்கம். அடியில இருக்கிற தடத்தைப் பாருங்க, மூக்கு வெளியே பார்க்குது. அதுமேல ஏறிப் பதிஞ்ச தடம், மூக்கு உள்ளே பார்க்குது. அப்போ முதல்ல ஒரு வண்டி உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கு. அப்புறம் திரும்ப உள்ளே போயிருக்கு. வெளியாள் யாரும் வரவே இல்லை. உள்ளே இருக்கிற வண்டி ஒண்ணு, ஆளும் ஒருத்தன்."

"நான் ஞாயித்துக்கிழமை கீழே வரல, சார்" என்றார் ரொசெண்டோ, ஜன்னல் வழியாக.

"கேட்டீங்களா? வரலைங்கறான். வந்தான்னு சேறு சொல்லுது. எதுக்குப் பொய் சொல்றான்?"

"இந்த டயர் இந்த ஊர்ல பாதி வண்டியில இருக்கே, ஷெரிஃப்" என்றேன்.

"அந்தப் பாதி வண்டி எல்லாம் உள்ளே குடியிருக்கா, கிம்பல்?"

ஷெரிஃப்பிடம் காரணமும் தயாராக இருந்தது. ஆடுகள் தண்ணீரைக் கலக்கிவிட்டன என்று போன வாரம்தான் கிழக்கு வாய்க்கால்காரர்கள் ரொசெண்டோவைத் திட்டித் தீர்த்திருந்தார்கள். அந்தக் கோபத்தில் மதகை அடைத்துவிட்டாராம். ஆட்டு மந்தையின் முதலாளியம்மாதான் எங்களைக் கூப்பிட்டவர். சாயங்காலம் வழக்குப் பதிவானால் ரொசெண்டோவின் வேலை விசா அதோடு போச்சு. விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

வாசல் ஓரத்தில் நின்ற, மலைப்பாதையில் ஓட்டுகிற ரொசெண்டோவின் சின்ன நாலுசக்கர மலைவண்டியிலிருந்து ஷெரிஃப் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன், சிஸ்டர் மாட்சன். உங்களுக்காக."

அவர் போனதும் பாஸ் ஸ்ட்ராவைத் துப்பினார். "எல்லாம் பொருந்துது, கிம்பல். அதுதான் எரிச்சலா இருக்கு."

*

அந்தப் பகல் முழுக்க எரிச்சல்தான். ஐம்பது அங்குலத்துக்குள் அடங்குகிற மலைவண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினோம். ஒருவர் ஞாயிறு காலை சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்தியிருக்கிறார். ஒருவர் வண்டியின் எஞ்சின் வசந்த காலத்திலிருந்து சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. நாங்கள் எஞ்சினைப் பற்றிக் கேட்டதும் அவர் மனைவி ஆரம்பித்துவிட்டார், நாங்கள் தப்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மற்றவர்கள் எல்லோரும் சர்ச்சில் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவ்வளவு யோக்கியமான ஊரில் துப்பறிவதைவிடத் தோட்ட வேலைக்குப் போகலாம்.

"மேற்கு வாய்க்கால்ல யாருக்கு வயல் அதிகம்?" என்று கேட்டார் பாஸ்.

"ட்ரெல் ஜார்ஜென்சனுக்கு. ஞாயித்துக்கிழமை சர்ச்ல பாதியிலயே எழுந்து போனதும் அவர்தான். மாடு கன்னு போடுதுன்னு. ஆனா அவர் வண்டி அந்தத் தூணுக்குள்ள போகாது, பாஸ். வண்டியும் அகலம், அவரும் அகலம்."

"சரி, அதையும் பார்த்து ஏமாந்துட்டு வருவோம்."

ட்ரெல் தன் கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஆள் அப்படி. அவருக்குப் பின்னால் அவருடைய மலைவண்டி. நான்கு ரிம்களும் வெளிப்பக்கம் பார்த்த வாளிகள் மாதிரி ஆழமாக இருந்தன. கொழுத்த டயர்கள் வண்டியின் உடம்பைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றன.

"அகலம்தானே கேட்க வந்தீங்க, சிஸ்டர் மாட்சன்?" என்று சிரித்தார். வண்டியின் மூக்கின்மேல் அளவு டேப் தயாராக இருந்தது. "மார்வா நேத்தே எடுத்து வெச்சுட்டா. யாராவது வந்து அளப்பாங்கன்னா. பாருங்க, வந்துட்டீங்க."

நான் அளந்தேன். ஐம்பத்தாறு அங்குலம்.

"வாங்கினப்போ இது ஐம்பதுதான். ரெண்டு வருஷம் முன்னால ஒரு தடவை சரிவுல கவுந்துட்டேன். அப்புறம்தான் இந்த ரிம்மும் டயரும் மாட்டினேன். பக்கத்துக்கு மூணு அங்குலம் வெளியே தள்ளியாச்சு. இனிமே இதைக் கவுக்கணும்னா கிரேன்தான் வரணும்." வண்டியைத் தட்டிக் கொடுத்தார். "போன மாசம் ஊர்ச் சவாரியில அந்தத் தூண்ல முட்டிக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா, கிம்பல்? எல்லாரும் சிரிச்சீங்களே?"

சிரித்தவர்களில் முதல் ஆள் நான். தலையை ஆட்டினேன்.

அவர் மனைவி மார்வா எலுமிச்சம்பழச் சாறு கொண்டு வந்தார். சின்ன உருவம், ட்ரெல்லின் நிழலில் நின்றால் காணாமல் போய்விடுவார். கட்டைவிரலில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் எழுந்து போனதைத்தானே ஊரே பேசுது?" என்றார் ட்ரெல். "பிக்கப்பை எடுத்துக்கிட்டு நேரா மாட்டுப் பண்ணைக்குப் போனேன். சாட்சின்னா கன்னுக்குட்டிதான். இவளைக் கூப்பிடலாம்னா இவளும் தலைவலின்னு வீட்டுல படுத்துட்டா."

"இப்போ தேவலையா?" என்று கேட்டார் பாஸ்.

"பரவாயில்ல" என்றார் மார்வா.

பாஸ் குனிந்து வண்டியின் அடியில் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின்மேல் கையை ஓட்டினார். எழுந்தபோது அவர் விரலில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

*

சாப்பாட்டுக் கடையில் பாஸ் உருளைக்கிழங்கு வறுவலைத் தொடவே இல்லை. நான் என் பங்கையும் முடித்து அவருடையதிலும் பாதி முடித்தேன். அப்படியும் உடம்பில் ஒட்டாது.

"அந்த இரும்புக் கையில பெயிண்ட் புதுசா உரிஞ்சிருக்கு, கிம்பல். உரிஞ்ச இடத்துல ரப்பர் அப்பியிருக்கு. டயர் தேய்ச்சிருக்கு. ஆனா டயருக்கும் அந்தக் கைக்கும் நடுவுல என் முஷ்டி தாராளமா போகுது. எட்டாத டயர் எப்படித் தேய்க்கும்?"

"பழைய டயர் தேய்ச்சிருக்கும்."

"பழைய டயர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. உரிஞ்ச இடம் இன்னும் துருப்பிடிக்கல."

"அப்போ தெரியல, பாஸ்."

"தெரியலைன்னு சொல்லவா உனக்குச் சம்பளம்?" பாஸுக்கு என்மேல் கோபம் வருவது அபூர்வம். "அங்கே ஒரு மனுஷன் செய்யாத தப்புக்கு உட்கார்ந்திருக்கான். என்னால ஒண்ணும் பண்ண முடியல!"

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. வறுவலுக்குத் தொட்டுக்கொள்ள சாஸ் வந்த காகிதக் கிண்ணங்கள் இரண்டு காலியாகக் கிடந்தன. அவற்றின் அடியில் ஓட்டை போட்டு, பாஸ் கடித்து வைத்த ஸ்ட்ராவின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்றாகச் செருகினேன். கிண்ணத்தின் வாய் வெளியே பார்க்க, ஒரு தள்ளுவண்டி மாதிரி ஆயிற்று. உப்புக் குடுவைக்கும் மிளகுக் குடுவைக்கும் நடுவே உருட்டினேன். முட்டிக்கொண்டு நின்றது.

"உனக்கு விளையாட நேரமா இது?" என்றார் பாஸ்.

அவர் சொன்னதைக் காதில் வாங்காமல், கிண்ணங்களைக் கழற்றி வாய் உள்ளே பார்க்கும்படி திருப்பிச் செருகினேன். அதே ஸ்ட்ரா, அதே கிண்ணம். இந்த முறை வண்டி குடுவைகளுக்கு நடுவே உருண்டு பாஸின் தட்டில் போய் மோதியது.

பாஸ் அசையாமல் அதையே பார்த்தார்.

"இன்னொரு தடவை பண்ணு."

"விளையாட நேரமில்லைன்னு..."

"பண்ணுடா!"

வாய் வெளியே திருப்பினேன், முட்டியது. வாய் உள்ளே திருப்பினேன், போயிற்று. பாஸ் ஒரு கிண்ணத்தை மறுபடி வாய் வெளியே திருப்பி, தட்டில் மிச்சமிருந்த சாஸில் விரலைத் தொட்டு, அதன்மேல் ஒரு அம்பு வரைந்தார். மூக்கு முன்பக்கம். பிறகு அதே கிண்ணத்தைக் கழற்றி, அதே பக்கத்திலேயே திருப்பிச் செருகினார். அம்பின் மூக்கு பின்பக்கம் பார்த்தது.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். உறைத்ததும் வறுவல் தட்டைத் தள்ளிவைத்தேன்.

"ரிம்மை உள்வெளியா திருப்பி மாட்டியிருக்காங்க" என்றார் பாஸ். "வெளியே தள்ளிக்கிட்டிருந்த மூணு அங்குலம் உள்ளே போயிடும். பக்கத்துக்கு மூணு, மொத்தம் ஆறு. ஐம்பத்தாறு ஐம்பதாயிடும். டயர் உள்ளே வந்து அந்த இரும்புக் கையைத் தேய்க்கும். அம்பும் தலைகீழாகும். இடது சக்கரத்தை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்திப் போட்டிருந்தா அம்பு சரியா இருந்திருக்கும். அவசரம். ஜாக்கி போட்ட பக்கத்துலயே திருப்பி மாட்டியாச்சு."

"அப்போ வெளியே வந்த தடம்..."

"உள்ளே போன தடம். உள்ளே போனதுன்னு ஷெரிஃப் சொல்றது, வெளியே வந்தது. வெளியாள்தான் போயிருக்கார், கிம்பல். வேலையை முடிச்சுட்டுத் திரும்பி வந்து, சக்கரத்தையும் பழையபடி மாட்டிட்டார். எழுந்திரு!"

"பில்லு?"

"உன் சம்பளத்துல கழிச்சுக்கறேன்."

*

வெயில் சாய்வதற்குள் எல்லோரும் பிர்ச் கணவாய் வாசலில் கூடியிருந்தோம். ஷெரிஃப், ரொசெண்டோ, ட்ரெல், மார்வா. நான்கு சக்கரத்தையும் கழற்றித் திருப்பி மாட்டியது நான். அத்தனை நட்டையும் திருகிக் கை கொப்புளித்துவிட்டது.

டேப்பைப் போட்டால் சரியாக ஐம்பது அங்குலம். ஷெரிஃப்பின் முகம் முதன்முறையாக மாறியது. ட்ரெல்லின் முகமும்.

"இப்படி ஒண்ணு பண்ணலாம்னே எனக்குத் தோணலையே!" என்றார் ட்ரெல். "சரி, நானே ஓட்டிக் காட்டறேன். போச்சுன்னா என்னைப் பிடிச்சுட்டுப் போங்க."

ஏறினார். வண்டி முனகி அமுங்கியது. மெதுவாகத் தூண்களை நோக்கி வந்தார். முன்சக்கரங்கள் இரண்டு தூணிலும் உரசி, நின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தார். தூண் அதிர்ந்ததே தவிர வண்டி நுழையவில்லை.

நான் குனிந்து பார்த்தேன். "ரெண்டு நூல் அகலம் அதிகமா இருக்கு, பாஸ்."

அங்குலமெல்லாம் தாண்டி வந்து, இரண்டு நூலில், கால் அங்குலத்தில் வந்து நிற்கிறோம். எனக்கு அந்தத் தூணை உதைக்க வேண்டும்போல் இருந்தது.

ட்ரெல் ஸ்டீயரிங்கில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் சொல்லலை? கிரேன் கொண்டு வாங்க, சிஸ்டர் மாட்சன்!"

ஷெரிஃப் ரொசெண்டோவின் தோளில் கை வைத்தார். "நல்ல முயற்சி. ஆனா போதும். வாப்பா, போகலாம்."

ரொசெண்டோ தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பாஸின் பல்லில் புது ஸ்ட்ரா இரண்டாகப் போனது.

"அளந்தப்போ ஐம்பது. இப்போ எப்படி அதிகமாகும்?" என்றார் பாஸ், யாரையும் பார்க்காமல்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பாஸ்" என்றேன், வெறுத்துப்போய். "வண்டியும் அகலம், அவரும் அகலம்."

பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ட்ரெல்லின் கனத்தில் அது தாழ்ந்து, மூட்டை சுமக்கிறவன் காலை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல நான்கு சக்கரத்தையும் அகட்டிக்கொண்டு நின்றது.

"ட்ரெல், இறங்குங்க. கிம்பல், நீ ஏறு."

ட்ரெல் இறங்கியதும் வண்டி எழுந்தது. நான் ஏறினேன். நான் ஏறியது அதற்குத் தெரியவே இல்லை. கொஞ்சம் பின்னால் உருட்டி, பிறகு முன்னால் விட்டேன். திருப்பத்தில் டயர் இரும்புக் கையைத் தேய்க்கும் சத்தம் வந்தது. தூண்கள் இரண்டு பக்கமும் மயிரிழையில் கடந்து போயின. அந்தப் பக்கம் போய் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஈரத்தில் பதிந்த என் தடத்தில் அம்புகளின் மூக்கெல்லாம் வெளியே பார்த்தன. நான் நின்றதோ உள்ளே.

ஷெரிஃப் அந்தத் தடத்தின் பக்கத்தில் வெகுநேரம் குந்தியிருந்தார். சேற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இந்த வண்டிதான் போயிருக்கு" என்றார் பாஸ். "ஓட்டினவர் கனமில்லாத ஆள். அகலம் கேட்டு யாராவது வருவாங்கன்னு நேத்தே தெரிஞ்ச ஆள்."

ட்ரெல்லின் சிரிப்பு அப்போதுதான் முழுதாக நின்றது. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். மார்வா பிளாஸ்திரி சுற்றிய கட்டைவிரலை மற்றக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"நான்தான் செஞ்சேன்" என்றார் ட்ரெல். சத்தமாக, அவசரமாக. "நான்தான், ஷெரிஃப். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நீங்க செய்யல, பிரதர் ஜார்ஜென்சன்" என்றார் பாஸ். இவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "அந்தத் தூண் உங்களை விடாதுன்னு இப்போதான் எல்லார் முன்னாலயும் காட்டினீங்க."

அந்தப் பெரிய மனிதர் போய் மார்வாவை மறைத்துக்கொண்டு நின்றார்.

"விடுங்க, ட்ரெல்" என்றார் மார்வா. "மதகோட சக்கரம் நம்ம நிலவறையில இருக்கு. கோதுமை வாளிக்குள்ள." அவர் ஷெரிஃப்பைப் பார்த்துப் பேசினார். "மாட்டுக்குத் தீவனம் இல்ல. வயல் பாதி காஞ்சுடுச்சு. தண்ணிப் பங்கு பேசற கூட்டத்துல போய் ஒரு வார்த்தை கேளுங்கன்னா இவர் கேட்க மாட்டார். கௌரவம். ராத்திரியெல்லாம் மாட்டுக்கிட்ட உட்கார்ந்து புலம்புவார். ஒரு வாரம் தண்ணி வந்தா போதும்னு நினைச்சேன்."

"உங்களுக்காக ஒருத்தர் ஜெயிலுக்குப் போக இருந்தார், சிஸ்டர்" என்றார் பாஸ்.

"யாரும் மாட்டக் கூடாதுன்னுதான் நினைச்சேன். அகலமான வண்டி, யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு." மார்வா முதல் தடவையாக ரொசெண்டோவைப் பார்த்தார். "மேலே ஒரு மனுஷன் இருக்கார்ங்கறதே எனக்கு ஞாபகம் வரல."

ரொசெண்டோ தொப்பியின் விளிம்பைச் சரிசெய்துகொண்டார். எனக்குத்தான் எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது, மலையைப் பார்த்தேன்.

ஷெரிஃப்பின் ஆள் போய்த் திருகுச் சக்கரத்தைக் கொண்டு வந்தார். கனமான வார்ப்பிரும்பு, ஓரமெல்லாம் கோதுமைத் தூசு. கீழே கிழக்கு வயல்கள் மங்கிய வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்தன. இனி ஒரு ராத்திரியைக்கூட வீணாக்க முடியாது. ஷெரிஃப் சக்கரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தன் வண்டியைப் பார்த்தார். பிறகு தூண்களைப் பார்த்தார். அவர் வண்டி நுழைய இன்னும் இரண்டு அடி வேண்டும். மதகோ மலைக்கு மேலே, ஏறிப் போனால் விடிந்துவிடும்.

ட்ரெல்லின் வண்டியில் நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பாஸ் என் காலை மிதித்தார்.

ஷெரிஃப் டெல்மார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ரொசெண்டோவிடம் போனார்.

"ரொசெண்டோ... இதை மேலே கொண்டு போய் மதகைத் திறந்து விட முடியுமா? நீங்க பெரிய மனசு பண்ணணும்."

கிழக்கு வாய்க்கால்காரர்கள் போன வாரம் இவரை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். ரொசெண்டோவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் இரண்டு கையாலும் சக்கரத்தை வாங்கித் தன் சின்ன வண்டியின் பின்னால் வைத்து, கயிறு போட்டுக் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து, கையை நீட்டினார்.

"தண்ணி திறந்து விடறேன், சார். ஆனா என் சாவி உங்க பையில இருக்கு."